பெயர் சொல்லாத பொட்டலம்

அன்று காலை இன்பசேகரன் அவித்த முட்டையை உரித்து, வெள்ளையைச் சாராவின் தட்டில் வைத்துவிட்டு மஞ்சளைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். சாரா மஞ்சளைத் தின்னமாட்டாள். வற்புறுத்தினால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை வந்து வேலியோரம் துப்புவாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இத்தனை பிடிவாதமா என்று பொன்மலர் அடுப்படியிலிருந்து சலித்துக்கொண்டாள். உன் பிள்ளைதானே என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவன் சைக்கிளை எடுத்தான்.

முதல் இடைவேளை மணி அடிப்பதற்குள் கம்பெனி ஆள் ஒருவன், பொன்மலர் பாடம் எடுக்கும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். டேனரியில் தோல் காயப்போடும் கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் இன்பசேகரன், கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன் என்று சொல்லி உட்கார்ந்தாராம். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அது அக்டோபர் மாதம். இப்போது டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு.

ஆம்பூரில் அவர்கள் தெருவில் வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கியது. பொன்மலர் வீட்டில் இல்லை. சாவு விழுந்த வீட்டில் முதல் பண்டிகைக்கு நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். கேரல் பாட வருகிறவர்கள்கூட அந்த வீட்டு முன்னால் டிரம்மை நிறுத்திவிட்டு, ஒரு பாட்டை மெதுவாகப் பாடி, ஜெபம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் தெருமுனையிலேயே நின்றுகொள்வார்.

சாரா ஒரு வாரமாக இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா நம் வீட்டுக்கு வரவே மாட்டாரா, கொஞ்சம்கூட வரமாட்டாரா என்று கேட்பாள். கேட்டுவிட்டு, சர்ச் ஹாலுக்கு எப்படியும் வருவார் இல்லையா என்று தானே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். அந்தச் சமாதானம் பொன்மலருக்கு ஏனோ பிடிக்கவில்லை. குழந்தை எதற்கோ காத்திருப்பது போலிருந்தது.

தாத்தா விவகாரம் அந்தக் குடும்பத்தில் பழைய சண்டை. இன்பசேகரனின் அண்ணன் ஜெயகரன் வேலூரில் ஹைஸ்கூல் வாத்தியார். அவர் மனைவி ஆக்னஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாமனார் இருந்த காலத்தில், ஒரே தானில் துணி எடுத்து வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி தைப்பார்கள். கிறிஸ்துமஸ் காலை ஜெபம் முடிந்ததும் அவர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுத் தன் கையால் கொடுப்பார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் பரிசு.

ஆக்னஸ் மருமகளாக வந்த பிறகு கலர் பேப்பர் வந்தது, ரிப்பன் வந்தது, பின்னாலேயே தாத்தாவும் வந்துவிட்டார். சர்ச்சிலும் அதே சமயத்தில் அந்த வழக்கம் பிடித்துக்கொண்டது. பெற்றவர்கள் பிள்ளையின் பெயர் எழுதிய பொட்டலத்தை, தாத்தா வேஷம் போடுகிறவரிடம் முன்கூட்டியே ரகசியமாகக் கொடுத்துவிட வேண்டும். ஹாலில் ஜோடித்த மரத்தடியில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். கொடுத்தனுப்பியது யாரென்று எவரிடமும் சொல்லமாட்டார். அதுதான் சட்டம்.

பொன்மலர் மிஷன் பள்ளியில் டீச்சர். ஞாயிறு பள்ளியிலும் பாடம் எடுக்கிறவள். பொட்டலம் வராத பிள்ளைகளின் முகம்தான் அவள் கண்ணில் படும். எல்லாருக்கும் பொதுவாகத் தரும் ஆரஞ்சையும் பென்சிலையும் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளை கலர் பேப்பரைப் பிரிப்பதையே அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொடுத்தவர் யாரென்று தெரியாமல் வாங்கப் பழகின பிள்ளை நாளைக்கு யார் எதைக் கொடுத்தாலும் கை நீட்டும் என்று அவள் வாதாடினாள்.

ஆக்னஸும் விடவில்லை. அவளுடைய வார்டில் கால் ஒடிந்து கிடக்கும் பிள்ளைகளின் தலைமாட்டில் யாரோ ஒரு பொம்மையை வைத்துவிட்டுப் போவார்கள். யாரென்று தெரியாததால் அந்தப் பிள்ளை எவருக்கும் கடமைப்பட வேண்டியதில்லை, சும்மா சந்தோஷப்பட்டால் போதும் என்பாள். பெரியவர்கள் கையையே பார்த்துப் பார்த்து வாங்கி வளர்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்றும் சொல்வாள். அவள் ஹாஸ்டலில் வளர்ந்தவள்.

இந்தச் சண்டையில் இன்பசேகரன் எப்போதும் மனைவி பக்கம்தான். போன வருஷம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான்:

"குடுக்கறவன் மூஞ்சியக் காட்டிட்டுக் குடுக்கட்டுமே அண்ணி. தாடிக்குப் பின்னாடி இன்னா வேலை?"

ஆக்னஸும் சிரித்துவிட்டாள். அதோடு அந்த வருஷப் பேச்சு முடிந்தது.

ஆனால் அடக்கம் முடிந்து எல்லாரும் கிளம்பிய அன்று, சாராவின் தலையைத் தடவியபடி ஆக்னஸ் ஒரு வார்த்தை விட்டாள். இவள் எங்களோடு வேலூரில் இருந்து படித்தால் உனக்கும் கொஞ்சம் பாரம் குறையும் என்றாள். பொன்மலர் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு ஆக்னஸ் அதை எடுக்கவும் இல்லை. எடுக்காததுதான் பொன்மலருக்கு உறுத்தலாக இருந்தது. கேட்டு வாங்க முடியாததை வேறு வழியில் வாங்கப் பார்ப்பார்கள் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

*

வேலூர்க்காரர்கள் பத்து மணிக்கே வந்திருக்க வேண்டும். பள்ளிகொண்டாவில் பஸ் டயர் வெடித்து, வேறு பஸ் பிடித்து வந்து சேர நடுப்பகலாகிவிட்டது. முதல் பண்டிகைக்கு மூத்தவர் வீட்டிலிருந்து துணி வர வேண்டும் என்பது முறை. ஜெயகரன் வெள்ளைச் சேலையைப் பொன்மலர் கையிலும், ஒரு கவுனைச் சாரா கையிலும் கொடுத்தார். கொடுக்கும்போது தம்பியின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

துணிகளை எடுத்த பிறகும் ஆக்னஸின் பை தட்டையாகவில்லை. அடியில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. பொன்மலர் பார்ப்பதைக் கண்டதும் ஆக்னஸ் பையின் வாயை மடக்கிச் சுவரோரம் வைத்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஆக்னஸ் சாராவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தோளில் கை வைத்துப் பார்த்தாள். வளர்ந்துவிட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை என்றாள். சாராவைக் குளிப்பாட்டுகிறவள் நானிருக்க, இவளுக்கு எதற்கு இந்த அளவு என்று பொன்மலருக்கு எரிச்சலாக வந்தது. சாப்பிடும்போது ஜெயகரன், ஜனவரி வந்துவிட்டால் என்று ஏதோ ஆரம்பித்தார். ஆக்னஸ் அவர் இலையில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றினாள். அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்தபோது, பின்கட்டில் சாராவும் ஆக்னஸும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொன்மலரின் நிழல் விழுந்ததும் பேச்சு நின்றது.

"இன்னாடி ரகசியம்?"

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் சாரா. அவள் பொய் சொல்லும்போது எப்போதும் போல வலது காதைப் பிடித்துக்கொண்டாள்.

*

சர்ச் ஹாலில் சவுக்குக் கிளையை நட்டு, பஞ்சை ஒட்டி, கலர் காகிதச் சங்கிலி சுற்றியிருந்தார்கள். பொன்மலர் வெள்ளைச் சேலையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆக்னஸும் ஜெயகரனும் அவளுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அடுத்த தெரு அமிர்தவள்ளி, மூன்று பிள்ளைகளோடு.

தாத்தா வேஷம் ஜார்ஜுக்கு. இன்பசேகரனின் கீழே வேலை பார்த்தவன், நல்ல உயரம், குரலும் பெரிசு. போன வாரமே பொன்மலர் அவனிடம் சொல்லியிருந்தாள்: எங்கள் வீட்டிலிருந்து இந்த வருஷம் பொட்டலம் கிடையாது, சாராவுக்கு ஆரஞ்சு போதும். அவன் சரி டீச்சர் என்றான். ஆனால் போகாமல் சற்று நின்றான். என்ன ஜார்ஜ் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். இன்று வாசலில் அவளைக் கண்டதும் தாடியைச் சரிசெய்கிறவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெயர்கள் வரிசையாக வந்தன. பிள்ளை மேடையேறி ஒரு பைபிள் வசனம் சொல்ல வேண்டும். சொன்னால் பொட்டலம். தாத்தா தொப்பையைக் குலுக்கி ஆடுவார், ஹால் சிரிக்கும். பாதிச் சாக்கு காலியானதும் ஜார்ஜ் உள்ளே கைவிட்டு ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்தான். பெயரைப் படிப்பதற்கு முன்னால் கொஞ்சம் தாமதித்தான்.

"சாரா இன்பசேகரன்."

ஹாலில் சத்தம் தணிந்தது. எல்லாரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். பொன்மலர் ஆக்னஸைப் பார்த்தாள். ஆக்னஸ் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாரா ஓடவில்லை, நடந்தே போனாள். தெளிவாக ஒரு சங்கீத வசனம் சொன்னாள். தாத்தா ஆடவில்லை, சிரிக்கவும் இல்லை. குனிந்து பொட்டலத்தை அவள் கையில் வைத்து, தலையைத் தொட்டு அனுப்பினான். குழந்தையின் முகத்தில் ஆச்சரியமே இல்லை என்பது பொன்மலருக்கு அப்போது படவில்லை.

அமிர்தவள்ளி, பிரித்துக் காட்டு பாப்பா என்று தானே ரிப்பனை இழுத்தாள். உள்ளே பொம்மை இல்லை. வெள்ளைச் சட்டை, நீலக் கட்டம் போட்ட பினஃபோர், மடித்து வைத்த சின்ன டை. சட்டைப் பையில் நூலால் போட்ட பள்ளிச் சின்னம்.

அந்த நீலக் கட்டத்தைப் பொன்மலருக்குத் தெரியும். வேலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த உடுப்போடு வரிசையாக நின்ற பிள்ளைகளை ஆக்னஸ்தான் ஒருமுறை காட்டினாள். புதிதாக வந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளி. மலைமேல் இருக்கும் வெள்ளைக்காரப் பள்ளிகளைப் போல அங்கேயும் ஜனவரியில்தான் வகுப்பு ஆரம்பம்.

சாராவுக்கு வேலூர்ல இடம் கிடைச்சிருச்சா, எங்ககிட்ட சொல்லவே இல்லையே டீச்சர் என்று அமிர்தவள்ளி குரலை இறக்கிக் கேட்டாள். மிஷன் பள்ளி டீச்சரே பிள்ளையை அங்கே வைக்காமல் அனுப்புகிறாள் என்ற செய்தி அடுத்த பெஞ்சுக்குப் போவதைப் பொன்மலரால் பார்க்க முடிந்தது. பொன்மலர் உடுப்பை வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

*

ஹாலுக்குப் பக்கவாட்டில், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில்தான் ஆக்னஸைப் பிடித்தாள்.

"அளவெடுத்துத் தெச்சே கொண்டாந்துட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலை, இல்லக்கா?"

"நான் குடுக்கலை பொன்மலர்."

"பின்ன யாரு? தாத்தாவா?"

ஆக்னஸ் பைக்குள் கைவிட்டுப் பழுப்புக் காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். கலர் பென்சில் டப்பா. "உனக்குப் புடிக்காதுன்னுதான் இதை ஜார்ஜ்கிட்ட குடுக்காம வெச்சிருந்தேன். இந்த வருஷம் உன் முறைப்படி, என் கையாலயே புள்ளைக்குக் குடுக்கலாம்னு."

பொன்மலர் அந்த டப்பாவைப் பார்த்தாள். அதை நம்பினால் கையிலிருக்கும் உடுப்புக்கு விளக்கம் இல்லை. அவள் சட்டையின் காலரைத் திருப்பினாள். உள்ளே பாஷா டெய்லர் லேபிள். ஆம்பூர். தெரு தாண்டி, ரயில்வே கேட் தாண்டி, தன் ரவிக்கைகள் தைக்கும் அதே கடை. தன் காலடியிலேயே வந்து தைத்திருக்கிறார்கள்.

ஜெயகரன் நடுவில் வந்தார். கோபப்படாதே, இன்பா இருந்திருந்தால் என்று ஆரம்பித்தார்.

"அவர் இருந்திருந்தா இது எங்க வாசப்படி ஏறியிருக்காது மாமா," என்றாள் பொன்மலர்.

ஜெயகரன் தன் மனைவியைப் பார்த்தார். ஆக்னஸ் தலையை மெல்ல அசைத்தாள், வேண்டாம் என்பது போல. அந்தச் சைகையைப் பொன்மலர் கண்டாள். அதற்குமேல் அவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று சாராவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தாள். உடுப்பைப் பேப்பரில் மறைக்கவும் இல்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

*

ஆபித் பாஷா வெள்ளிக்கிழமைதான் கடையடைப்பார். ஞாயிறன்று பண்டிகை வேலை ஜாஸ்தி. தைத்து முடித்த கவுன்கள் கம்பியில் நெருக்கமாகத் தொங்கின. சாரா கடை வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வா என்று இழுத்தும் வரவில்லை.

பாஷா மெஷினை நிறுத்தாமலே தலையை நிமிர்த்தினார். "வாங்க டீச்சர். பாப்பாக்கு சரியா இருக்குதா? கழுத்து மட்டும் கொஞ்சம் டைட்டா வெச்சேன், டை கட்டணுமேன்னு."

இதைத் தைக்கக் கொடுத்தது வேலூர் அம்மாவா, எப்போது வந்தார் என்று பொன்மலர் கேட்டாள்.

மெஷின் நின்றது. "எந்த அம்மா? உங்க வீட்டு சார்தானே குடுத்தாரு," என்றார் பாஷா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்றார்.

பாஷா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

காலாண்டு லீவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சார் வேலூரிலிருந்து துணி வாங்கிக்கொண்டு வந்தாராம். பாப்பாவையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாராம். இந்த ஸ்டூல்மேல் நிற்க வைத்துத்தான் அளவெடுத்தது. வளரும் பிள்ளை, மடிப்பில் துணி விட்டுத் தையுங்கள் பாய் என்று சொன்னாராம். வீட்டுக்குக் கொண்டுபோனால் டீச்சர் கண்ணில் படும், இங்கேயே இருக்கட்டும், டிசம்பரில் தாத்தா வேஷ அங்கியைச் சரிசெய்ய ஜார்ஜ் கொண்டுவருவான், அவனிடம் கொடுத்துவிடுங்கள் என்றாராம்.

அப்புறம் அக்டோபர் வந்தது. உடுப்பைத் துக்க வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று பாஷாவுக்குப் புரியவில்லை. ஜார்ஜைக் கேட்டார். தாத்தாவிடம் வந்ததைத் தாத்தா கையால்தான் கொடுக்க வேண்டும், யார் கொடுத்தது என்று சொல்லவும் கூடாது என்றானாம் அவன். செத்துப்போன அப்பா கொடுத்ததைப் பிள்ளைக்குச் சேர்க்காமல் விட்டால் பாவம் என்றும் சொன்னானாம்.

"நாங்க ரெண்டு பேரும் தப்பு பண்ணிட்டமா டீச்சர்?"

சனிக்கிழமை என்ற சொல் அவளுக்குள் நின்றுவிட்டது. செப்டம்பரில் இன்பசேகரன் சனிக்கிழமைதோறும் மேல்விஷாரம் போனான். கம்பெனிக்குத் தோல் பார்க்கப் போவதாகச் சொன்னான். அவள் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது முகம் களைத்திருக்கும், வெயில் என்பான். மேல்விஷாரத்தில் பள்ளி யூனிபார்ம் துணி விற்கமாட்டார்கள்.

*

திரும்பும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டிக்காகச் சைக்கிள்காரர்களும் மாட்டுவண்டிகளும் காத்து நின்றார்கள். பொன்மலர் குழந்தையின் கையை விட்டாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

சாரா தரையைப் பார்த்தாள். "அப்பா சொல்லக்கூடாதுன்னாரு. தாத்தா குடுக்கறவரைக்கும்." பிறகு நிமிர்ந்து, "இப்பதான் குடுத்துட்டாரே. சொல்லலாமாம்மா?" என்றாள்.

"சொல்லு."

"பெரிம்மா வீட்ல இருந்து படிக்கிறியான்னு கேட்டாரு. அம்மா வந்தா போறேன்னேன். அம்மாவும் வருவாங்கன்னாரு."

"நானா?"

"ஆமா. அப்ப நீன்னு கேட்டேன். நான் வரலைன்னாரு. அப்பாவுக்கு வேற வேலை இருக்குதாம்."

கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் குழந்தை மேலும் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. மதியம் பெரியம்மாவிடம் என்ன பேசினாய் என்று வண்டி போனபின் பொன்மலர் கேட்டாள். சாவு வீட்டுப் பிள்ளைக்கும் தாத்தா கொடுப்பாரா என்று கேட்டாளாம். பெரியம்மா தெரியலை என்றாளாம். அவ்வளவுதான். மூன்று மாதமாக இந்தக் குழந்தை அடக்கத்தின்போதும் வாயைத் திறக்காமல், தாத்தா வரட்டும் என்று இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

யார் மேல் கோபப்படுவது என்று பொன்மலருக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து ஆக்னஸை ஒவ்வொரு அசைவிலும் சந்தேகப்பட்டாள். அந்தச் சந்தேகம் இப்போது இடம் மாறி, அவளோடு ஒன்பது வருஷம் படுத்தெழுந்த மனிதன்மேல் போய் உட்கார்ந்தது. முகத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று சிரித்தவன், தாடிக்குப் பின்னால் நின்று கொடுத்திருக்கிறான். கேட்டால் அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தானா? சண்டைதான் போட்டிருப்பாள். அதற்குக்கூட அவளுக்கு இடம் தரவில்லை. மனைவியையும் பிள்ளையையும் வேலூருக்கு அனுப்பிவிட்டு, இவனுக்கு மட்டும் இங்கே என்ன வேறு வேலை? ஒரு கணம் அசிங்கமாகக்கூட ஒரு எண்ணம் வந்தது. கூடவே அதை மீறிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. இரண்டையும் முழுதாக நினைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது ஜெயகரன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஆக்னஸ் அடுப்படியில் மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கலர் பென்சில் டப்பா அலமாரிமேல் இருந்தது. யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

"அவர் சனிக்கிழமைல மேல்விஷாரம் போகலை, இல்லக்கா?"

ஆக்னஸின் கை கொஞ்சம் நின்றது. "பாஷா சொன்னாரா?"

"நீங்க சொல்லுங்க."

"போகலை."

"உங்க வீட்டுக்கு வந்தாரா?"

"வீட்டுக்கு வரலை."

வேலூரில் ஆக்னஸ் இருக்கும் இடங்கள் இரண்டே. ஒன்று வீடு, இன்னொன்று ஆஸ்பத்திரி. ஜெயகரன் வாசலிலிருந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆக்னஸ் என்றார். ஆக்னஸ் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொன்மலருக்கு எதிரில் நின்றாள். உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும் என்ற பெருமை அந்த முகத்தில் இருக்கும் என்று பொன்மலர் எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை. நாள் முழுக்க எதையோ தூக்கிக்கொண்டு நின்றவளின் களைப்புத்தான் இருந்தது.

"ஸ்கூல்ல எடம் கேட்டது நான்தான். கேக்கச் சொன்னது நானில்ல. அன்னிக்கு அடக்கம் முடிஞ்சு உங்கிட்ட சொல்லிப் பாத்தேன். நீ பாத்த பார்வையில வாய் அடைச்சுப்போச்சு."

"மீதியைச் சொல்லுங்க."

"வாக்குக் குடுத்திருக்கேன் பொன்மலர். இல்லாதவருக்குக் குடுத்த வாக்கை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு எனக்குத் தெரியல. கிறிஸ்துமஸ் அன்னிக்கு டூட்டி முடிஞ்சதும் வர்றேன். அதுக்குள்ள கேக்க வேண்டியவங்ககிட்ட கேட்டுட்டு வர்றேன்."

அது யார் என்று பொன்மலர் கேட்பதற்குள் ஆக்னஸ் படியிறங்கிவிட்டாள். சாராவைத் தொடாமல், கலர் பென்சிலைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல் போனாள். இருவரும் பஸ் நிற்கும் பக்கமாக, ஒருவரோடொருவர் பேசாமல் நடப்பதைப் பொன்மலர் வாசலில் நின்று பார்த்தாள். அவர்கள் கேட்காமலே பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்று காலையில் பயந்தாள். இப்போது ஜனவரி வருகிறது, இடம் தயார், உடுப்பு தயார். பிள்ளையை அனுப்புவதா, தானும் கூடப் போவதா, உடுப்பைப் பிரித்துத் துணியாக்குவதா என்பதை அவள் ஒருத்திதான் சொல்ல வேண்டும். கேட்க வேண்டிய ஆள் இல்லை.

உள்ளே சாரா தானாகவே கவுனைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். பித்தான் மாறிப் போட்டிருந்தது. கழற்று என்று சொல்லத்தான் பொன்மலர் கிட்டே போனாள். போனவள் மண்டியிட்டு, பித்தானைச் சரிசெய்து, பினஃபோரைத் தலைவழியே இறக்கி, இடுப்புப் பட்டையை இழுத்துக் கட்டினாள். நேராக நில்லு என்றாள். குழந்தை ஸ்டூல்மேல் நிற்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழ் மடிப்பில் பாஷா தாராளமாகத் துணி விட்டிருந்தார். அதைப் பிரிக்கத் தேவையிருக்கவில்லை. விளிம்பு முழங்காலில் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. தோளும் சரி, கையும் சரி. காலாண்டு லீவில் எடுத்த அளவிலிருந்து சாரா ஒரு விரற்கடைகூட வளர்ந்திருக்கவில்லை.